ஆந்தூரியத்தின் அடியிலைகள் மஞ்சளாவது குறித்து

வணக்கம். நாள்தோறும் நீர் ஊற்றியும் ஆந்தூரியத்தின் அடியிலைகள் மஞ்சளாவதாகவும், பல மாதங்களாகப் பூக்கவில்லை என்றும், தோட்டமண் நிரப்பிய தொட்டியில் அறையின் உள்மூலையில் அதை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அன்றாடம் ஊற்றும் அந்த நீரே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகளில் பெரும்பாலும் மரங்களின்மேல் தொற்றி வளரும் செடி இது. அதன் தடித்த வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் வேண்டும் என்பதால், இறுகிய மண்ணில் நீர் தேங்கினால் அவை அழுகி, நீரை உறிஞ்சும் திறனையே இழந்துவிடுகின்றன.

செடியை வெளியே எடுத்து வேர்களைக் கழுவிப் பாருங்கள். வெளிறிய, உறுதியான வேர்களை விட்டுவிட்டு, பழுப்பாகிக் குழைந்தவற்றைத் தூய கத்தரிக்கோலால் நீக்குங்கள். சாறு தோலில் எரிச்சல் தரும் என்பதால் கையுறை அவசியம். பின்னர் மரப்பட்டைத் துண்டுகள், தேங்காய் மட்டைத் துண்டுகள், பெர்லைட் (மண்ணில் காற்றோட்டத்துக்காகச் சேர்க்கும் எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள்) ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள, வேர்த்தொகுதியைவிடச் சற்றே பெரிய தொட்டியில் நடுங்கள். மேற்பரப்பில் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் போதும்.

பூக்காததற்கு வெளிச்சக் குறைவே முதன்மையான காரணமாகத் தெரிகிறது. நேர்வெயில் இலையைக் கருக்கிவிடும்; ஆகவே சன்னலருகே, மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். புதிய இலை துளிர்க்கும்வரை உரம் வேண்டாம். பூக்கவில்லையே என்று பலரும் அவசரப்பட்டு உரத்தைக் கொட்டுகிறார்கள், புண்பட்ட வேர்களை அது மேலும் கெடுக்கும். ஏற்கெனவே மஞ்சளான இலைகள் மீண்டும் பச்சையாகா. அவற்றை அடியோடு வெட்டிவிடலாம்.