டிசியை மட்டும் அவசரப்பட்டு வாங்கிடாதீங்க

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் தாம்பரம் தாண்டி ஒரு ஆட்டோனமஸ் காலேஜ்ல பிகாம் முதல் வருஷம். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, ரெண்டாவது வருஷத்துக்கு வீட்டுப் பக்கத்து காலேஜுக்கு மாறிட்டா சாயங்காலம் ஒரு கடையில வேலை பார்ப்பான், எப்படி மாத்துறதுன்னு கேட்கிறாங்க. புரோக்கர் ஒருத்தர் 30 ஆயிரம் குடுத்தா கிட்டக்கவே சீட் வாங்கித் தரேன்றார். இப்ப படிக்கிற காலேஜோ மிச்ச ரெண்டு வருஷ பீஸையும் கட்டினாதான் டிசி, பிளஸ் டூ மார்க்ஷீட் எல்லாம் தருவோம்னு சொல்றாங்களாம்.

அம்மா, முதல்ல அந்த புரோக்கருக்கு போன் பண்றதை நிறுத்துங்க. ரெண்டாவது வருஷ சீட்டுங்கிறது முதல் வருஷத்துல யாராவது படிப்பை விட்டுப் போனா விழுற காலி இடம், அது இருக்கா இல்லையான்னு காலேஜ் ஆபீஸ்ல நேராப் போய் கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, இதுக்கு 30 ஆயிரமா? வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா காலேஜ், ரெண்டு இடத்துலயும் பிகாம்ல காலி இருக்கான்னு பையனையே போய் கேட்கச் சொல்லுங்க. புரோக்கர் இன்னொரு வேலையும் பண்ணுவார், எய்டட் சீட்டுன்னு (அரசு உதவியில நடக்கிற, பீஸ் கம்மியான சீட்டு) சொல்லி ஷிப்ட் டூ செல்ஃப் பைனான்ஸ்ல (காலேஜே சொந்தமா பீஸ் வாங்கி நடத்துற ரெண்டாவது ஷிப்ட்) தள்ளிடுவார். பீஸும் பல மடங்கு, கிளாஸும் மதியத்துக்கு மேல. அப்புறம் சாயங்காலம் கடைக்கு எப்படிப் போவான்?

இடம் இருக்குன்னா "சேர்த்துக்கிறோம்"னு எழுத்துல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம், வாங்குங்க. அதைக் காட்டி பழைய காலேஜ்ல என்ஓசி, ரெண்டையும் வச்சு சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி அனுமதி, அதுக்கப்புறம்தான் டிசி. இந்த வரிசையை மாத்தவே கூடாது. நான் காலேஜ் ஆபீஸ்ல 26 வருஷம் குப்பை கொட்டினவன், ஒரு பையன் கோவத்துல முதல்லயே டிசி வாங்கிட்டு வந்து நின்னான், அதுல "படிப்பை இடையில் நிறுத்தியவர்"னு எழுதி சீலும் குத்திட்டாங்க. பிளாஸ்டிக் கவர்ல அந்த ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு அவங்கப்பா ஒவ்வொரு கவுன்டரா நின்னார், ஒரு கவுன்டர்ல கேட்டா அடுத்த கவுன்டர்ன்றான், அங்க போனா சாப்பாட்டு நேரம்ன்றான். ஒரு வருஷம் போச்சு.

சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு பீஸ் கேட்கிறது சுத்த அடாவடி. காலேஜ்களுக்கெல்லாம் விதி போடுற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லயே தெளிவா சொல்லிடுச்சு, ஒரிஜினலை சரிபார்த்துட்டு உடனே திருப்பிக் குடுத்துடணும், அந்தந்த வருஷம் இல்ல செமஸ்டருக்கு மட்டும்தான் பீஸ் வாங்கணும். பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதி ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, அசையலைன்னா யுஜிசியில ஆன்லைன் புகார். வாய்ல சண்டை போட்டா ஒண்ணும் நடக்காது. கட்டின முதல் வருஷ பீஸ் திரும்ப வராது, அதை மறந்துடுங்க.

இப்ப உங்க பையன் விஷயத்துல பெரிய தலைவலி அந்த ஆட்டோனமஸ்தான். டிகிரி குடுக்கிறது அதே மெட்ராஸ் யுனிவர்சிட்டிதானே, அப்ப படிப்பும் ஒண்ணுதானேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லம்மா. ஆட்டோனமஸ் காலேஜ் சிலபஸையும் கேள்வித்தாளையும் தானே போட்டுக்கும். இங்க முதல் வருஷத்துல பிசினஸ் எகனாமிக்ஸ் படிச்சிருப்பான், போற இடத்துல அதே செமஸ்டர்ல வேற பேப்பர் இருக்கும், அப்ப அந்த பேப்பரை தனியா படிச்சு எழுதியே ஆகணும், விட்டா மூணாவது வருஷம் முடிஞ்சும் டிகிரி கைக்கு வராது. அதனால முதல் ரெண்டு செமஸ்டர் சிலபஸையும் காலேஜ் சீலோட வாங்கிக்கிட்டு, புது காலேஜ் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) முன்னாடி வச்சு எது ஒத்துப்போகுது, எதை எழுதணும்னு பேப்பர் பேப்பரா எழுதி வாங்குங்க. "பார்த்துக்கலாம்"னு ஹெச்ஓடி சொன்னா நம்பாதீங்க, அவர் அடுத்த வருஷம் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டா யாரைக் கேட்பீங்க?

இதெல்லாம் மூணாவது செமஸ்டர் தொடங்குறதுக்குள்ள முடியணும், நடுவுல மாறினா அட்டெண்டன்ஸ் இடிக்கும்.

பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவன், அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருதுன்னு எழுதியிருக்கீங்க. காலேஜ் பசங்க விவரத்தை அரசு பதிஞ்சு வச்சிருக்கிற யுமிஸ் (UMIS) இணையதளத்துல பழைய காலேஜ் பேரே இருந்தா அந்தக் காசு நின்னுடும். புது காலேஜ்ல சேர்ற அன்னிக்கே யுமிஸ் நம்பரைக் குடுத்து, பேர் மாறிடுச்சான்னு ஆபீஸ் ஸ்க்ரீன்ல கண்ணால பார்க்காம வீட்டுக்கு வராதேன்னு சொல்லி அனுப்புங்க.