கேபினெட்டைத் தொட்டால் சுரீர்!

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி, முதல்முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் சப்ளை செய்யும் பெட்டி) போய்விட்டது என்கிறார் நண்பர். மாற்றிவிடட்டுமா?
– கல்லூரி மாணவர், அல்சூர், பெங்களூரு

பதில்: அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்காதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வீட்டு எர்த் மேல்தான் எனக்குச் சந்தேகம். அல்சூர், சிவாஜி நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும். எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. யாருக்காவது கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கப் போனால், அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் நான் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான்.

எஸ்எம்பிஎஸ் உள்ளே கரண்ட் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து, இன்னொன்று நியூட்ரலிலிருந்து, இரண்டுமே இரும்பு உடம்போடு சேரும். அவற்றின் வழியே கசியும் துளி கரண்ட் எர்த் கம்பியில் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட், 230 வோல்ட்டில் பாதியாக, சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. புது எஸ்எம்பிஎஸ் மாட்டினாலும் அதே சுரீர்தான்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். நாளை உள்ளே நிஜமாகவே ஃபேஸ் உடம்பில் பட்டால், காப்பாற்ற எர்த் இருக்காது. இந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் சொருகும்போது போர்ட் எரிந்துபோகவும் வாய்ப்புண்டு.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். மலிவு பாக்ஸ் சிலவற்றில் மூன்றாவது கம்பியே இருப்பதில்லை. அப்போதும் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் எர்த் சரி. எர்த் சரியாக இருந்தும் அடித்தால்தான் எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும். அதுவரை தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சுவிட்ச் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு ‘ரெடி சார்’ என்பவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் நிற்கும். எர்த் கம்பி கீழே எர்த் குழிவரை போக வேண்டும். வீட்டு ஓனரிடம் பேசுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள். குழி ஏற்கெனவே இருந்தால் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும்.

கேள்வி: புதுக் கம்ப்யூட்டரில் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ஐ5-12400எஃப் பிராசசர். கிராஃபிக்ஸ் கார்டு பிறகு வாங்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: கடைசியில் ‘எஃப்’ போட்ட இன்டெல் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கடையில் மாற்றித் தந்தால் ‘எஃப்’ இல்லாத 12400 வாங்குங்கள். இல்லையா, தெரிந்தவர்களிடம் பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள். மானிட்டர் கேபிளையும் அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும்.