கெமிக்கல் இன்ஜினியரிங்கில் மேனேஜர் வேலை எப்படி மாறியிருக்கிறது? எம்பிஏ படிக்கலாமா?

பினாங்கில் பிறை தொழிற்பேட்டைப் பக்கம் 19 வருடமாக ஆலை வேலை எனக்கு, பாமாயிலிலிருந்து கொழுப்பு அமிலம் எடுக்கிறோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது மேனேஜர் என்றால் காலையில் வந்ததும் "நேத்து எத்தனை டன்?" என்று கேட்பவர். ராத்திரி ஷிப்டில் எது ஒழுகினாலும் ஃபிட்டர் அண்ணன் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டிவிடுவார், காலையில் அவருக்குப் பாராட்டு கிடைக்கும், என்ன மாற்றினார் என்று யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். இப்போது குழாய் அளவை மாற்றினாலே எம்ஓசி (மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச், மாற்றத்துக்கு முன் எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்குவது) பாரம் வேண்டும்: என்ன மாற்றம், அதனால் எது கெடலாம், யார் சம்மதித்தார்கள்.

இந்தப் பாரம் வருவதற்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ கெமிக்கல் ஆலையில் ஐந்தாவது ரியாக்டர் விரிசல் விட்டதென்று கழற்றிவிட்டு, நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு குழாயை மாட்டினார்கள். வரைபடம் என்று இருந்தது ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான். ஆலையின் இன்ஜினியரிங் வேலைகளுக்குப் பொறுப்பான ஒர்க்ஸ் இன்ஜினியர் பதவி அப்போது காலி. 1974 ஜூன் 1 அன்று வெடித்து 28 பேர் இறந்தார்கள். ஆள் போடாமல் ஆலையை ஓட்டச் சொன்னது நிர்வாகம் எடுத்த முடிவு, குழாயை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

சரியாக 50 வருடம் கழித்து, அதே ஜூன் 1ஆம் தேதி, 2024இல் மலேசியாவில் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். கம்பெனி செய்த குற்றத்துக்கு இயக்குநர் மேலும் வழக்கு வரலாம்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் பெண், லோரியிலிருந்து காஸ்டிக் (தோலை அரிக்கும் காரம்) இறக்கும் இடத்தில் வேறு வகை ஹோஸ் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு எம்ஓசி இருக்கா?" என்று கேட்டு வேலையை நிறுத்திவிட்டார். லோரி இரண்டு மணி நேரம் காத்திருந்தது. மேனேஜர் கீழே இறங்கி வந்து, ஹோசில் அச்சடித்திருந்ததைக் குனிந்து படித்தார், அப்புறம் டிரைவரிடம் தானே போய்ப் பேசினார். என் காலத்தில் அந்த இரண்டு மணி நேரமும் அந்தப் பெண் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆனால் மேசையில் உட்கார்ந்தபடியே பாரத்தில் டிக் போட்டு அனுப்பும் மேனேஜர்களும் வந்துவிட்டார்கள், அது எனக்குப் பெரிய கவலை. எம்பிஏ தாராளமாகப் படியுங்கள், அதற்குமுன் மூன்று வருடமாவது ஷிப்டில் நில்லுங்கள். முதல் இன்டர்வியூவிலேயே, "என்னை ஷிப்டில் போடுவீங்களா?" என்று நீங்களே கேளுங்கள்.