தொலைதூரப் பவளத் தீவுகளுக்குப் போவதில் அப்படி என்ன ஈர்ப்பு?

கடலும் மணலும் எங்கும்தானே இருக்கிறது என்கிறீர்கள். வளையப் பவளத்தீவின் அமைப்பே வேறு. கடலில் எழுந்த எரிமலை மெல்ல அமிழ்ந்துபோக, அதைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை மட்டும் வளையமாக மிஞ்சுகிறது; 1842-இல் டார்வின் தந்த விளக்கம் இது. உள்ளே அலையடங்கிய வெளிர்நீலக் காயல், பாறை விளிம்பைத் தாண்டினால் கருநீல ஆழம்.

தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தினால், கிளிமீன்கள் பவளத்தை 'கரக் கரக்' என்று சுரண்டுவது காதிலேயே விழும். பல தீவுகளில் வெண்மணலின் பெரும்பங்கு அவை கழித்த துகள்தான் (ஆமாம், மீன் கழிவில்தான் படுத்து வெயில் காய்கிறோம்!). இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் நாட்டிலுள்ள அல்டாப்ரா வளையத்தீவிலோ மனிதரைவிட ராட்சத ஆமைகளே அதிகம்.

நிலவில்லாத நாட்களாகப் பார்த்துப் போனால் பால்வீதியும் தெளிவாகத் தெரியும். ஆனால் நிழலும் நன்னீரும் குறைவு. சொகுசு தேடுபவர்களுக்கு ஒத்துவராது.