தங்கச்சியின் போன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு 29 வயது. மனச்சிதைவு வருத்தத்துக்கு 6 வருடமாகக் கிளினிக் போகிறாள், றிஸ்பெரிடோன் குடிக்கிறாள். இப்போது நல்ல சுகம். ஆனால் இரவில் ஒரு பொடியனோடு போனில் கதைக்கிறாள். 3 மாதமாகத் தீட்டும் வரவில்லை. அம்மா பயந்துபோய்ப் போனைப் பறித்து வைத்துவிட்டார். குளிசை குடிக்கிற பிள்ளைக்கு இந்த எண்ணமெல்லாம் எப்படி வரும்? அவளுக்கென்று கட்டிய வீட்டை இனி அவள் பேரில் எழுதலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வீடு அவளுக்குக் கட்டியது, அவளுக்கே எழுதுங்கள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வருத்தம் வந்ததற்காக அதை மாற்றாதீர்கள்.

தீட்டு வரவில்லை என்ற வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

திருக்கோவிலில் என் சின்னம்மா இருந்தார். அவருக்கும் இதே குளிசை. ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டு நின்றவரின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்தது என்றுதான் நினைத்தேன். மாமி கிட்டப் போய்ப் பார்த்தார். பால். தீட்டும் சில மாதமாக இல்லை. அன்றிரவு, "ஆரெண்டு சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பேர் சொல்வதற்கு அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. நான் கதவோரம் நின்றேன், வாய் திறக்கவில்லை. மறுநாளே சின்னம்மா குளிசையை விட்டுவிட்டார். வருத்தம் முன்னையைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

காரணம் எங்களுக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. தாய்க்குப் பால் சுரக்கவைப்பது புரோலக்டின் என்ற ஹோர்மோன். அதை அடக்கி வைத்திருப்பது மூளையில் சுரக்கும் டோபமின் என்ற இரசாயனம். றிஸ்பெரிடோன் டோபமினைத் தடுப்பதால் சிலருக்குப் புரோலக்டின் ஏறிவிடும். கர்ப்பம் இல்லாமலே பால் வரும், தீட்டு நிற்கும், ஆசை குறையும். ஆண்களுக்கு விறைப்பும் குறையலாம். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் குளிசையை விட்டவர்கள் எத்தனை பேர்! குளிசை தந்த அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் சின்னம்மா அடி வாங்கியிருக்கமாட்டார்.

ஆகவே முதலில், அவள் சம்மதத்தோடு, பாமசியில் கர்ப்பம் பார்க்கிற குச்சி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கர்ப்பம் இல்லையென்றால் கிளினிக்கில் சொல்லிப் புரோலக்டினுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், அரிபிப்ரசோல் போன்ற வேறு குளிசைக்கு மாற்றலாம். அதை டொக்டர்தான் செய்யவேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசை மாறியதும் தீட்டு வருமுன்பே கரு தங்கவும் கூடும். கருத்தடை பற்றி அவளே மிட்வைப்பிடம் கேட்கட்டும். கிளினிக் கொப்பியில் வல்புரோயேட் (வலிப்புக்கும் மனநிலை மாற்றத்துக்கும் கொடுக்கிற மருந்து) என்று ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அது கூடாது.

அப்புறம், "இந்த எண்ணமெல்லாம் எப்படி வரும்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நல்ல சுகம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? சுகம் வந்த பிள்ளைக்கு ஆசையும் வரும். அந்தப் பொடியன் யாரென்று பக்கத்தில் இருந்து அன்பாகக் கேளுங்கள், சொல்லுவாள்.

அம்மாவிடம் சொல்லி, போனைச் சார்ஜ் போட்டு இன்றைக்கே அவள் கையில் கொடுங்கள். கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். டொக்டரோடு அவள் கதைக்கும்போது மட்டும் வெளியே வாங்கில் இருங்கள்.