கால்நடை மருத்துவர் பதில்கள்: வெளிறிய குழி சொல்வது என்ன?

கேள்வி: எங்கள் பண்ணைக் கறிக்கோழியை எலைசா என்ற நிறமாற்றச் சோதனை முறையில் சோதித்த ஆய்வகம் ‘நைட்ரோஃபியூரான் (ஒரு வகைக் கிருமிக்கொல்லி மருந்து) பாசிட்டிவ்’ என்றது. இன்னோர் ஆய்வகம் ‘இல்லை’ என்கிறது. முதல் ஆய்வகத்தில் சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டைப் பார்த்தேன். சுத்தமான கறியின் குழி நல்ல மஞ்சள். எங்களுடையது வெளிறிக் கிடந்தது. தலைகீழாக இருக்கிறதே? யாரை நம்புவது?
– வாசகர், நாமக்கல்

பதில்: தலைகீழ்தான், ஐயா. அதுதான் சரி. குழியின் அடியில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசியிருக்கும். கறிச்சாற்றோடு, மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் நொதி கோத்த அதே மருந்தையும் அளவாக விடுவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்: கறியில் மருந்து இருந்தால் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், நொதி கோத்தது கழுவும்போது போய்விடும். நொதி இல்லையேல் மஞ்சள் இல்லை.

அதில் தேடுவது மருந்தையே அல்ல. நைட்ரோஃபியூரான்களில் ஒன்றான ஃபியூரசோலிடோன் கோழியின் உடலில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதன் மிச்சமான ஏ.ஓ.இசட். தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். அதைப் பிரிக்க, அரைத்த கறியில் அமிலமும் நைட்ரோபென்சால்டிஹைடும் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுதும் வைப்பார்கள். அப்போது உருவாகும் கூட்டுப்பொருளைத்தான் எதிர்ப்பொருள் அடையாளம் காண்கிறது. அது பார்ப்பது வடிவத்தை. ஆகவே சாயலில் ஒத்த வேறொன்றும் சில சமயம் ஏமாற்றிவிடும்.

நைட்ரோஃபியூரான்களுக்குப் பொதுவாகத் தேடும் அடையாள மிச்சங்கள் நான்கு. உங்கள் அறிக்கையில் எது என்று பாருங்கள். செமிகார்பசைடு என்றால் அவசரப்படாதீர்கள். ரொட்டி மாவில் சேர்க்கும் அசோடைகார்பனமைடு சுடும்போதும் அது உண்டாகும். ரொட்டித்தூள் தோய்த்த கறியென்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கட்டும். ஏ.ஓ.இசட். என்றால் தீவனத்தையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கிவிட்டு ஆய்வகத்தைத் திட்டுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் கிடையாது.

யாரை நம்புவது என்பது இரண்டாவது ஆய்வகம் எப்படிச் சோதித்தது என்பதைப் பொறுத்தது. அவர்களும் எலைசாவே செய்திருந்தால் வழக்கு முடியவில்லை. மூலக்கூறையும் அதன் உடைந்த துண்டுகளையும் நிறுத்துப் பார்க்கும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். அறிக்கை என்றால், அதுவும் அதே மாதிரியின் மறுபாதியில் செய்தது என்றால், அதுவே தீர்ப்பு. எலைசா சல்லடைச் சோதனை. குற்றவாளியைத் தப்பவிடக் கூடாது என்றே அமைத்தது, நிரபராதி சிலரும் மாட்டுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஃபியூரசோலிடோனை 1995-லேயே தடை செய்துவிட்டது. 2022 நவம்பரிலிருந்து அங்கே இந்த மிச்சங்களுக்கு நடவடிக்கை எல்லை, கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். தடை செய்த மருந்துக்கு ‘இத்தனை நாள் முன்பே நிறுத்திவிட்டோம்’ என்ற கணக்கும் செல்லாது.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் இந்த மிச்சம் போய்விடாதா?
– வாசகி, சேலம்

பதில்: போகாது, அம்மா. வேகவைத்தாலும் பொரித்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கொதியில் சாவது கிருமி. இது புரதத்தோடு பிணைந்த வேதிப்பொருள். தடுக்க வேண்டிய இடம் பண்ணைதான், உங்கள் குக்கர் அல்ல.