Re: திருவிழால பையன் காதைப் பொத்தினா பேய்னு சொல்றாங்க

அக்கா, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழால மேளச் சத்தத்துக்கு பையன் காதைப் பொத்திக்கிட்டு கையை உதறினான், சொந்தக்காரங்களே காத்து கருப்புன்னு மந்திரிக்கச் சொன்னாங்கன்னு எழுதிருந்தீங்க, படிச்சு மனசே ஆறல. என் பொண்ணுக்கும் ஆட்டிசம்தான், காட்பாடி ஸ்டேஷன்ல அறிவிப்பு வந்தாலே என் துப்பட்டா நுனிய விரல்ல சுத்திச் சுத்தி அவுப்பா, அதைப் பாத்துட்டு ஒரு அம்மா தன் பிள்ளைய இழுத்துக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க, இன்னும் மறக்கல. அது பேயும் இல்ல அடமும் இல்லக்கா, நமக்கு சாதாரணமா கேக்குற சத்தம் அவங்களுக்குத் தாங்காது, கையை உதறித்தான் சமாளிக்கிறாங்க, தடுக்காதீங்க. மந்திரிக்கிற காசுக்கு, சத்தத்தைக் குறைக்க காதுல மாட்டுற இயர்மஃப் ஒண்ணு வாங்குங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில குழந்தை வளர்ச்சிக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, காட்டுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, அதனால மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அதான் யூடிஐடி கார்டு, அதுக்கும் அப்ளை பண்ணிடுங்க. பையனுக்கு என்ன வயசுக்கா?